எந்தப் பிராணி ஆகும், எது ஆகாது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மதுரைப் பக்கத்து ராவுத்தர் வீட்டுப் பிள்ளை, ஹனஃபி மத்ஹப். மத்ஹப் என்றால் இஸ்லாமியச் சட்டப் பள்ளி; ஹனஃபி, ஷாஃபிஈ, மாலிக்கி, ஹன்பலி என்று நான்கு உண்டு. மனைவிக்குச் சொந்த ஊர் காயல்பட்டினம்; அவர்கள் ஷாஃபிஈ. தட்டைப் பார்த்து "இது ஆகுமா?" (மார்க்கப்படி உண்ணலாமா) என்று கேட்பது எங்கள் வீட்டில் கல்யாணமான முதல் வாரத்திலேயே தொடங்கிவிட்டது. அப்புறம் அலுவலக நண்பர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், கல்லூரியில் படிக்கும் அக்கா பிள்ளைகள் என்று கேட்பவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். நான் ஆலிம் (மார்க்க அறிஞர்) இல்லை. ஆலிம்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டது இவ்வளவு. உங்கள் வீட்டுக்கு முடிவு வேண்டுமென்றால் உங்கள் ஊர் ஹஸ்ரத்தை, அதாவது பள்ளிவாசல் ஆலிமைக் கேளுங்கள்.

குர்ஆனில் எவையெல்லாம் தடை என்று வருகிறது?

நேரடியாகச் சொன்னவை நான்குதான்: தானாகச் செத்தது, வடியும் ரத்தம், பன்றி இறைச்சி, அல்லாஹ் அல்லாத பெயரில் அறுக்கப்பட்டது. இந்த நான்கும் நான்கு இடங்களில் வருகின்றன (2:173, 5:3, 6:145, 16:115). அதில் 5:3 கொஞ்சம் விரித்துச் சொல்கிறது. கழுத்து நெரிந்து செத்தது, அடிபட்டுச் செத்தது, உயரத்திலிருந்து விழுந்து செத்தது, இன்னொரு பிராணி முட்டிச் செத்தது, விலங்கு கடித்துத் தின்ற மிச்சம் ஆகியவையும் செத்தவற்றின் கணக்கில் சேரும். ஆனால் உயிர் இருக்கும்போதே போய்ப் பிடித்து அறுத்துவிட்டால் ஆகும் என்று அதே வசனம் விலக்கும் தருகிறது. கிணற்றில் விழுந்த ஆட்டை வெளியே தூக்கும்போது அது துடித்துக்கொண்டிருந்தால் உடனே கத்தியைத் தேடுவது இதனால்தான்.

பட்டியல் சின்னது என்பதைக் கவனியுங்கள். எல்லாமே ஆகாது, சில மட்டும் ஆகும் என்ற எண்ணத்தில்தான் பலர் கேள்வியையே தொடங்குகிறார்கள். ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) நூல்கள் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்கும்: தடை என்று ஆதாரம் வராதவரை ஆகும்.

அப்படியானால் நாய், பூனை, புலி எல்லாம் குர்ஆனில் இல்லையே?

இல்லை. அவை ஹதீஸில், அதாவது நபி (ஸல்) அவர்களின் சொல், செயல் பற்றிய பதிவுகளில் வருகின்றன. கோரைப்பல்லால் வேட்டையாடும் விலங்குகளையும், கூரிய நகத்தால் இரையைப் பிடிக்கும் பறவைகளையும் நபி (ஸல்) தடுத்தார்கள் என்பது 'முஸ்லிம்' என்ற ஹதீஸ் தொகுப்பில் இப்னு அப்பாஸ் (ரலி) வழியாக வரும் செய்தி. சிங்கம், புலி, சிறுத்தை, ஓநாய், நாய், பூனை எல்லாம் முதல் வகை. பருந்து, கழுகு, வல்லூறு, ஆந்தை இரண்டாவது வகை.

"கோழிக்கும் நகம் இருக்கிறதே?" என்று அக்கா மகன் ஒருமுறை மடக்கினான். நல்ல கேள்விதான். நகமோ பல்லோ இருப்பது கணக்கில்லை. அதைக் கொண்டு இரையைத் தாக்கிப் பிடிக்கிறதா என்பதே கணக்கு. கோழி நகத்தால் குப்பையைக் கிளறும். ஒட்டகத்துக்கும் கோரைப்பல் உண்டு, ஆனால் அது யாரையும் வேட்டையாடுவதில்லை.

இதிலும் கருத்து வேறுபாடு உண்டு. கழுதைப்புலியை ஷாஃபிஈ மத்ஹப் ஆகும் என்கிறது; அது வேட்டைப் பிராணிதான், உண்ணலாம் என்று ஜாபிர் (ரலி) சொன்ன ஹதீஸ் அவர்களுக்கு ஆதாரம். மக்காவில் ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையில் அதன் கறி விற்கப்படும், யாரும் ஆட்சேபித்ததில்லை என்று இமாம் ஷாஃபிஈ சொன்னதாக வருகிறது. ஹனஃபியில் அது ஹராம். நம் ஊரில் இந்தச் சண்டைக்கு வேலையே இல்லை, ஆனாலும் ஒரு இமாம் தன் ஊர்ச் சந்தையைப் பார்த்தும் பேசியிருக்கிறார் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

கடல் பிராணிகளில் எது ஆகும்? இறால், கணவாய், நண்டு?

எங்கள் வீட்டுக் கேள்வியே இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

"கடலில் வேட்டையாடுவதும் அதன் உணவும் உங்களுக்கு ஆகுமாக்கப்பட்டுள்ளன" என்பது 5:96-இன் கருத்து. கடலைப் பற்றி நபி (ஸல்) சொன்ன ஒரு வாக்கியமும் உண்டு: அதன் தண்ணீர் தூய்மையானது, அதில் செத்தது ஆகுமானது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு மத்ஹபுகள் பிரிகின்றன.

ஹனஃபியில் நீர்வாழ் பிராணிகளில் மீன் மட்டும் ஆகும். மீன் என்றால் எந்த மீனும்: வஞ்சிரம், சீலா, விரால், கெளுத்தி, திருக்கை, சுறா. சுறாவுக்குப் பல் இருக்கிறதே என்று சிலர் தயங்குவார்கள். அது மீன்தான், ஆகும், சுறாப்புட்டு செய்து சாப்பிடலாம். செதில் இல்லாத மீன் ஆகாது என்பது யூதர்களின் சட்டம். நம் இரண்டு மத்ஹபிலும் அப்படி ஒரு நிபந்தனை இல்லை.

கணவாய், நண்டு, சிப்பி, ஆமை, டால்ஃபின் எதுவும் மீன் இல்லை என்பதால் ஹனஃபிக்கு ஆகாது. இறால்தான் நடுவில் மாட்டிக்கொண்டது. விலங்கியல் புத்தகத்தில் அது மீன் இல்லை, நண்டுக்குத்தான் உறவு. ஆனால் பழைய அரபு அகராதிக்காரர்கள் அதை மீன் வகையில் எழுதினார்கள், மக்களும் அப்படித்தான் பேசினார்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் உருதில் 'ஜிங்கா மச்லி' என்பார்கள். மச்லி என்றால் மீன். சட்டம் மக்கள் வழக்கைப் பார்க்குமா, விலங்கியலைப் பார்க்குமா? வழக்குதான் என்று சொன்ன ஹனஃபி ஆலிம்கள் இறாலை ஆகும் என்றார்கள்; மற்றவர்கள் தவிர்ப்பது நல்லது என்றார்கள். நான் முதல் கட்சி, அதில் என் நாக்குக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். "நம் ஊரில் 'கணவாய் மீன்' என்றும்தானே சொல்கிறார்கள்?" என்று மச்சான் கேட்டார். சொல்கிறார்கள்தான். ஆனால் அந்த வாதத்தை எந்த ஹனஃபி ஆலிமும் ஏற்று நான் பார்த்ததில்லை.

ஷாஃபிஈ மத்ஹபில் கதவு அகலம். கடலில் மட்டுமே வாழ்வது எதுவானாலும், மீன் உருவில் இல்லாவிட்டாலும் ஆகும். அவர்கள் சொல்லும் கதையும் அருமையானது. அபூ உபைதா (ரலி) தலைமையில் 300 பேர் கொண்ட படை கடற்கரையோரமாகப் போகிறது. உணவு தீர்ந்துபோய் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பேரீச்சம்பழம் என்ற நிலை வந்துவிட்டது. அந்த நேரத்தில் கடல் ஒரு பெரிய பிராணியைக் கரையில் ஒதுக்கியது, பெயர் அன்பர், திமிங்கில வகை. படையே நாள்கணக்கில் அதைத் தின்றது. அதன் விலா எலும்பை நட்டு வைத்து, ஒட்டகத்தில் ஏறிய ஆளை அதன் அடியில் போகச் சொன்னார்கள்; தலை இடிக்காமல் போய்விட்டார். மதீனா திரும்பியதும் நபி (ஸல்) "மிச்சம் இருக்கிறதா?" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அத்தர் கடையில் அம்பர் என்று கேட்கிறோமே, அது இந்தப் பிராணியிலிருந்து வருவதுதான். விலங்கியல்படி திமிங்கிலம் மீனே இல்லை. ஆனால் ஹதீஸில் அதைக் குறிக்கும் அரபுச் சொல் பெரிய மீனுக்கான சொல், ஆகவே அதுவும் மீன்தான் என்று ஹனஃபிகள் பதில் சொல்கிறார்கள். மறுபடியும் சொல்லில் வந்து நிற்கிறது வழக்கு.

சரி, நண்டு? ஷாஃபிஈ ஊர் என்றால் நண்டு தாராளமாகக் கிடைக்கும் என்று நினைத்து நான் ஏமாந்தேன். மாமி வீட்டு அடுப்பில் கணவாய் ஏறும், நண்டு ஏறாது. காரணம் 13ஆம் நூற்றாண்டு இமாம் நவவி. மின்ஹாஜ் நூலில் அவர் தவளை, நண்டு, பாம்பு ஆகியவற்றை நிலத்திலும் நீரிலும் வாழ்பவை என்று சேர்த்து விலக்குகிறார். அவரே இன்னொரு நூலான மஜ்மூஃவில் இந்த விஷயத்தில் இளக்கமாகப் பேசுகிறார். கரையேறினால் பிழைக்காத கடல் நண்டுக்கு இந்தத் தடை பொருந்தாது என்று இன்றைய ஷாஃபிஈ அறிஞர்கள் சிலர் சொல்வதும், பல கடலோர வீடுகளில் நண்டு ரசம் கொதிப்பதும் உண்மை. மாலிக்கியில் நண்டு ஆகும், ஹன்பலியிலும் ஆகும்.

தவளை நான்கில் மூன்று மத்ஹபுக்கு ஆகாது. ஒரு வைத்தியர் மருந்துக்காகத் தவளையைக் கொல்லலாமா என்று கேட்டபோது நபி (ஸல்) தடுத்தார்கள் என்ற ஹதீஸ் அதற்கு ஆதாரம்.

கடலாமை, டால்ஃபின், கடல் அட்டை விஷயத்தில் மத்ஹபைக் கேட்கும் முன்பே இந்தியாவில் சட்டம் குறுக்கே நிற்கிறது. மூன்றும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அடக்கம்.

செத்து மிதக்கும் மீனைச் சாப்பிடலாமா?

மீனுக்கு அறுப்பு தேவையில்லை. இரண்டு செத்தவை நமக்கு ஆகும், மீனும் வெட்டுக்கிளியும் என்று ஹதீஸ் உண்டு. ஷாஃபிஈக்கு மிதந்த மீனும் ஆகும், அழுகி உடம்புக்குக் கெடுதல் செய்யாதவரை. ஹனஃபிக்கு எந்த வெளிக்காரணமும் இல்லாமல் தானாகச் செத்து வயிறு மேலாக மிதப்பது ஆகாது. வலையில் செத்தது, அலை கரையில் வீசியது, குளம் வற்றிச் செத்தது, ஐஸ் பெட்டியில் செத்தது எல்லாம் ஆகும். ஆக மீன் மார்க்கெட்டில் கவலைப்பட ஒன்றுமில்லை, செவுளைப் பார்த்து வாங்குங்கள்.

நெத்திலிக் கருவாட்டைக் குடலோடு சேர்த்துத்தானே சாப்பிடுகிறோம்?

பெரிய மீனின் குடலில் உள்ள கழிவு அசுத்தம், கழுவி எடுக்க வேண்டும். விரல் நீளச் சின்ன மீனில் ஒவ்வொன்றாய்க் குடல் எடுப்பது கஷ்டம் என்பதால் அதை மன்னித்திருக்கிறார்கள். சாம்பாரில் போட்டுச் சாப்பிடுங்கள்.

உடும்பு ஆகும் என்று ஹதீஸ் இருக்கிறதாமே?

இந்தக் கேள்வி வராத வருஷம் இல்லை. கிராமத்தில் உடும்புக் கறி இடுப்பு வலிக்கு நல்லது என்று ஒருவர் சொல்லுவார். உடனே இன்னொருவர் "ஹதீஸே இருக்கு" என்பார்.

ஹதீஸ் இருக்கிறது. நபியின் மனைவி அன்னை மைமூனா (ரலி) வீட்டில் நடந்தது. அவருடைய சகோதரி நஜ்திலிருந்து கொண்டுவந்த 'ழப்பு' என்ற பிராணியைச் சுட்டு வைத்திருந்தார்கள். நபி (ஸல்) கையை நீட்டினார்கள். அங்கிருந்த ஒரு பெண், அது என்ன கறி என்பதை நபியவர்களிடம் சொல்லுங்கள் என்றார். சொன்னதும் கையை எடுத்துக்கொண்டார்கள். உடனிருந்தவர் காலித் பின் வலீத் (ரலி); மைமூனா அவருக்குத் தாயின் சகோதரி. "இது ஹராமா, அல்லாஹ்வின் தூதரே?" என்று கேட்டார். "இல்லை. என் சமூகத்தார் ஊரில் இது கிடையாது. எனக்கு இது ஒவ்வவில்லை" என்ற பொருளில் பதில் வந்தது. காலித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நபியவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவர் சாப்பிட்டு முடித்தார்.

இதை வைத்து ஷாஃபிஈயில் ழப்பு ஆகும். ஹனஃபியில் வேறு செய்திகளை வைத்து மக்ரூஹ், அதாவது வெறுக்கத்தக்கது.

ஆனால் ழப்பு என்பது நம் ஊர் உடும்பு இல்லை. தமிழ் மொழிபெயர்ப்புகளில் 'உடும்பு' என்று போட்டுவிட்டார்கள், குழப்பம் அங்கிருந்துதான். ழப்பு பாலைவனத்தில் வளை தோண்டி வாழும், வால் முழுக்க முள் முள்ளாக இருக்கும், முக்கியமாக இலை தழை தின்னும். ராஜஸ்தானில் அதன் இனத்தது ஒன்று உண்டு, சாண்டா என்பார்கள். நம் உடும்புக்கு வழவழப்பான நீண்ட வால், பாம்பு போல் பிளந்த நாக்கு. எலி, முட்டை, குஞ்சு, செத்தது எல்லாம் தின்னும். இலை தின்னிக்குச் சொன்ன அனுமதியைக் கறி தின்னிக்கு எடுத்துக் கொடுக்க முடியாது.

அதற்கு மேல், உடும்பு வன உயிரினச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடித்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. இடுப்பு வலிக்கு டாக்டரைப் பாருங்கள்.

முயல்?

ஆகும், நான்கு மத்ஹபிலும். அனஸ் (ரலி) ஒரு முயலை விரட்டிப் பிடித்துக் கொண்டுவந்தார்; அபூ தல்ஹா (ரலி) அறுத்து அதன் தொடைகளை நபி (ஸல்) அவர்களுக்கு அனுப்பினார், ஏற்றுக்கொண்டார்கள். பண்ணை முயல் என்றால் தாராளம். காட்டு முயல் பிடிப்பது வனச் சட்டத்தில் குற்றம்.

குதிரையும் கழுதையும் ஒன்றா?

ஒன்றில்லை. ஹிஜ்ரி 7-இல் கைபர் போரின்போது பசியோடு இருந்த படை நாட்டுக் கழுதைகளை அறுத்துச் சமைக்கத் தொடங்கியது. பானைகள் கொதித்துக்கொண்டிருக்கும்போதே தடை அறிவிப்பு வந்தது. பானைகளைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். அதே நாளில் குதிரைக் கறிக்கு அனுமதி தந்தார்கள் என்கிறார் ஜாபிர் (ரலி). "நபி (ஸல்) காலத்தில் ஒரு குதிரையை அறுத்துச் சாப்பிட்டோம்" என்று அபூபக்ர் மகள் அஸ்மா (ரலி) சொன்னதும் பதிவாகியிருக்கிறது. ஷாஃபிஈயில் குதிரை ஆகும். இமாம் அபூ ஹனீஃபா மக்ரூஹ் என்றார். குதிரை, கோவேறு கழுதை, கழுதை மூன்றும் ஏறிச் செல்லவும் அலங்காரத்துக்கும் என்று 16:8 சொல்வதை அவர் பார்த்தார். அவருடைய இரண்டு மாணவர்கள், அபூ யூசுஃபும் முஹம்மதும், ஆகும் என்றார்கள். கோவேறு கழுதை ஆகாது. காட்டுக் கழுதை ஆகும். வீட்டில் வளர்ப்பதற்குத்தான் தடை.

பறவைகளில்?

கோழி, வாத்து, வான்கோழி, காடை, கௌதாரி, புறா, சிட்டு, நெருப்புக்கோழி எல்லாம் ஆகும். ஈமுவும் நெருப்புக்கோழி மாதிரிதான். கொங்குப் பக்கம் ஈமுப் பண்ணை கொடிகட்டிப் பறந்த காலத்தில் இந்தக் கேள்வியும் பறந்தது, பண்ணைகளோடு சேர்ந்து அதுவும் காணாமல் போய்விட்டது.

மயிலும் கிளியும் வேடிக்கையான ஜோடி. ஹனஃபியில் இரண்டும் ஆகும், ஏனென்றால் நகத்தால் வேட்டையாடுவதில்லை. கடலில் அவ்வளவு தாராளம் காட்டிய ஷாஃபிஈயில் இரண்டும் ஆகாது. எந்த மத்ஹப் கறார், எது இளக்கம் என்று கேட்பவர்களுக்கு நான் இந்த உதாரணத்தைத்தான் சொல்வேன். மயில் தேசியப் பறவை, சட்டப்படி தொடவே முடியாது என்பது வேறு.

அண்டங்காக்கை, பருந்து இரண்டும் நம் இரண்டு மத்ஹபிலும் ஆகாது என்றே நம் பக்கத்து ஆலிம்கள் சொல்வார்கள். காகம், பருந்து, எலி, தேள், வெறிநாய் ஆகிய ஐந்தை எங்கு கண்டாலும் கொல்லலாம் என்ற ஹதீஸை அதற்குச் சொல்வார்கள். கொல்லக் கூடாது என்று வந்தவையும் சாப்பாட்டுக்கு ஆகாது: எறும்பு, தேனீ, கொண்டலாத்தி.

ஈசல், வயல் எலி, நத்தை?

மழை விட்ட மாலையில் விளக்கு வைத்து ஈசல் பிடித்து, அரிசியோடு வறுத்துத் தின்பதை எங்கள் ஊரில் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். வாசனை இப்போதும் நினைவிருக்கிறது. அத்தா கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வந்துவிட்டார். ஹனஃபி, ஷாஃபிஈ இரண்டிலும் பூச்சி இனம் ஆகாது. வெட்டுக்கிளி மட்டும் விலக்கு. இப்னு அபீ அவ்ஃபா (ரலி) நபியவர்களுடன் ஆறோ ஏழோ போர்களுக்குப் போனபோது வெட்டுக்கிளி சாப்பிட்டதாகச் சொல்கிறார். மாலிக்கியில் பூச்சிகளுக்கும் இடம் உண்டு, ஆனால் நம் ஊரில் மாலிக்கி யார் இருக்கிறார்கள்?

எலி வயலில் நெல்லைத் தின்று வளர்ந்தாலும் எலிதான், ஆகாது. நத்தையும் அப்படியே. கொய்யாப்பழத்துக்குள் இருக்கும் புழு பழத்தோடு சேர்ந்து போய்விட்டால் ஷாஃபிஈயில் மன்னிப்பு. தனியாக எடுத்துத் தின்னக் கூடாது. அப்படி எடுத்துத் தின்பவர் யாரென்று தெரியவில்லை, ஆனால் நூலில் எழுதியிருக்கிறது.

ஆட்டில் எதெல்லாம் ஆகாது? ரத்தப் பொரியல்?

ரத்தப் பொரியல் ஆகாது. அறுக்கும்போது வழிவதுதான் குர்ஆன் சொல்லும் 'வடியும் ரத்தம்'. அதை எண்ணெயில் வதக்கி வெங்காயம் போட்டாலும் அது ரத்தம்தான். கறியைக் கழுவும்போது வரும் சிவப்புத் தண்ணீர், எலும்பை உடைத்தால் தெரியும் சிவப்பு ஆகியவை இதில் சேராது. கறியை ஏழு தண்ணீர் விட்டு வெள்ளையாகும்வரை பிழிய வேண்டியதில்லை.

ஈரலும் மண்ணீரலும் ரத்தம் மாதிரியே இருந்தாலும் ஆகும் என்று ஹதீஸே வந்திருக்கிறது. கறிக்கடையில் 'சுவரொட்டி' என்று கேட்டு வாங்குகிறோமே, அது மண்ணீரல்தான்.

ஹனஃபியில் ஏழு பகுதிகளைத் தவிர்க்கச் சொல்வார்கள்: வடியும் ரத்தம், ஆண் குறி, விதை, பெண் குறி, கழலை, சிறுநீர்ப்பை, பித்தப்பை. குடல், போட்டி நன்றாகக் கழுவினால் ஆகும். கழுவுகிறவருக்குத்தான் கஷ்டம்.

அறுப்பு எப்படி இருக்க வேண்டும்? பெண்கள் அறுக்கலாமா?

ரத்தத்தை ஓடவிடும் கூர்மையான கருவி வேண்டும். பல்லும் நகமும் கூடாது. உணவுக்குழல், மூச்சுக்குழல், கழுத்தின் இரண்டு ரத்தக்குழாய்கள் ஆக நான்கு. ஹனஃபியில் குறைந்தது மூன்றாவது அறுபட வேண்டும். ஷாஃபிஈயில் உணவுக்குழலும் மூச்சுக்குழலும் முழுதாக அறுபட்டால் கூடிவிடும், மற்றவை சுன்னத் (செய்வது நல்லது, கட்டாயமில்லை). பிஸ்மி, அதாவது அறுக்கும்போது அல்லாஹ்வின் பெயரைச் சொல்வது ஹனஃபியில் கட்டாயம். மறந்துபோனால் மன்னிப்பு, வேண்டுமென்றே விட்டால் கறி ஆகாது. ஷாஃபிஈயில் அது சுன்னத்.

கத்தியை நன்றாகத் தீட்டிக்கொள்ளுங்கள், அறுக்கும் பிராணிக்குச் சிரமம் கொடுக்காதீர்கள் என்பது முஸ்லிமில் வரும் ஹதீஸ். பிராய்லர் கடையில் என்ன நடக்கிறது? ஞாயிற்றுக்கிழமை காலை பதினைந்து பேர் வரிசையில் நிற்பார்கள். கடைப் பையன் ஒரே ஒரு பிஸ்மியைச் சொல்லிவிட்டு ஆறு கோழியை வரிசையாக அறுத்து, துடிப்பதற்குள் டிரம்மில் போடுவான். ஹனஃபியில் ஒவ்வொரு அறுப்புக்கும் தனித்தனி பிஸ்மி வேண்டும். 'ஹலால்' போர்டைப் பார்த்து வாங்குவதோடு கொஞ்சம் எட்டி உள்ளே பார்ப்பதும் நல்லது. நான் பார்த்த கடையில் மெதுவாகச் சொன்னேன். அடுத்த வாரம் முணுமுணுப்பு கேட்டது, சொன்னது பிஸ்மியா என்னைத் திட்டியதா தெரியாது.

பெண்கள் தாராளமாக அறுக்கலாம். கஅப் பின் மாலிக் (ரலி) வீட்டு அடிமைப் பெண் ஸல்உ மலையருகே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஆடு சாகப் போவதைப் பார்த்து, கல்லை உடைத்து அதன் விளிம்பால் அறுத்துவிட்டார். நபியவர்களிடம் கேட்டதற்குச் சாப்பிடுங்கள் என்றார்கள். என் நன்னி (பாட்டி) கோழியைத் தானே அறுப்பார். வீட்டு ஆம்பளைகள் வரும்வரை காத்திருந்தால் குழம்பு எப்போது கொதிப்பது?

உண்டிவில்லால் அடித்த பறவை?

உயிரோடு கையில் கிடைத்து அறுத்தால் ஆகும். கல் பட்டே செத்திருந்தால் 'அடிபட்டுச் செத்தது', ஆகாது. வேட்டைக் கருவி கூர்முனையால் குத்தியிருந்தால் சாப்பிடு, பக்கவாட்டில் அடித்துக் கொன்றிருந்தால் சாப்பிடாதே என்று அதீ பின் ஹாதிம் (ரலி) அவர்களுக்குச் சொன்னதுதான் அடிப்படை. பழக்கிய நாயை பிஸ்மி சொல்லி ஏவி, அது தான் தின்னாமல் பிடித்துக் கொண்டுவந்தால் ஆகும் (5:4).

குப்பை தின்னும் கோழி?

அபூ மூஸா அஷ்அரீ (ரலி) முன்னால் கோழிக் கறி வந்தது. கூட இருந்த ஒருவர் ஒதுங்கி உட்கார்ந்தார்; அது அசுத்தத்தைத் தின்பதைப் பார்த்திருக்கிறார், சாப்பிட மாட்டேன் என்று சத்தியமும் செய்திருக்கிறார். "வாருங்கள், நபி (ஸல்) கோழி சாப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன்" என்றார் அபூ மூஸா. அசுத்தமே பெரும்பகுதி தீனியாகி, கறியில் நாற்றம் ஏறிவிட்ட பிராணிக்கு 'ஜல்லாலா' என்று பெயர். அதைக் கட்டிப்போட்டு நல்ல தீனி கொடுத்து நாற்றம் போன பிறகு அறுக்க வேண்டும். இப்னு உமர் (ரலி) கோழியை மூன்று நாள் அடைத்து வைப்பார் என்று வருகிறது. தெருவில் அங்கொன்றும் இங்கொன்றும் கொத்தும் நாட்டுக்கோழிக்கு இது பொருந்தாது.

பக்கத்து வீட்டில் கிடா வெட்டு, அழைத்திருக்கிறார்கள். போகலாமா?

போவது வேறு, அந்தக் கறியைச் சாப்பிடுவது வேறு. சாமிக்கு நேர்ந்து வெட்டிய கிடா 'அல்லாஹ் அல்லாத பெயரில் அறுக்கப்பட்டது' என்பதில் வரும்; ஆகாது. எங்கள் தெருவில் இதை ஒரு பிரச்சினையாகவே யாரும் வைத்துக்கொள்வதில்லை. "பாய்க்குக் கறி வேண்டாம்" என்று அவர்களே சொல்லி, முன்கூட்டியே எனக்கென்று முட்டையும் ரசமும் எடுத்து வைத்துவிடுவார்கள். சில வருஷம் அறுக்கவே எங்கள் ஆளைக் கூப்பிடுவார்கள், ஆனால் கத்தி யார் கையில் என்பது மட்டும் போதாது. எதற்காக நேர்ந்தது என்பதும் கணக்கு.

பன்றி ஏன் ஆகாது? நாடாப்புழுவாலா?

மேடையில் நாடாப்புழுவைப் பற்றி நீளமாகப் பேசுபவர்களை எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. நன்றாக வேகவைத்தால் புழு சாகும். அதுதான் காரணமென்றால் பிரஷர் குக்கர் வந்த அன்றே தடை நீங்கியிருக்க வேண்டும். குர்ஆன் சொல்லும் காரணம் ஒரே சொல்: அது அசுத்தம் (6:145). ஒரு முஸ்லிம் விலகி இருப்பது கட்டளை என்பதால்தான். மருத்துவப் பலன் இருந்தால் இருக்கட்டும்.

மிட்டாய், மாத்திரைக் கூடு ஆகியவற்றில் வரும் ஜெலட்டினும் இந்தக் கேள்வியின் வால்தான். பன்றித் தோலிலிருந்து எடுத்தது என்று உறுதியானால் சாதாரண நேரத்தில் தவிருங்கள். மருந்து என்றால், மாற்று இல்லாதபோது அனுமதி உண்டு.

பட்டினியில் சாகும் நிலை வந்தால்?

வரம்பு மீறாமல், ஆசைப்படாமல், உயிர் தரிக்கும் அளவுக்குச் சாப்பிட்டால் குற்றமில்லை என்று 2:173 சொல்கிறது. தடைகளைச் சொன்ன அதே வசனம்தான். சாப்பிடாமல் செத்துப் போவதே பாவம் என்று சொன்ன அறிஞர்களும் உண்டு.

ஹலால் என்றால் சாப்பிட்டே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. ழப்பு வைத்த தட்டை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். நபி (ஸல்) எந்த உணவையும் குறை சொன்னதில்லை. பிடித்தால் சாப்பிடுவார்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று 'புகாரி' ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது.

கல்யாணமாகி முதல் தடவை காயல்பட்டினம் போயிருந்தபோது, மாமி பெரிய சஹன் நிறையச் சோறு வைத்து, நடுவில் கருப்பு மிளகு போட்டு வதக்கிய கணவாயைக் கொட்டினார். சுற்றி நான்கு பேர், எல்லாரும் என் கையைப் பார்க்கிறார்கள். நான் சோற்றின் என் பக்கத்து ஓரத்தை மட்டும் பிசைந்துகொண்டிருந்தேன். மாமா கொஞ்ச நேரம் பார்த்தார். "மாப்ளே ஹனஃபி அல்லவா" என்றார், கணவாயைத் தன் பக்கம் ஒதுக்கிக்கொண்டார். உள்ளேயிருந்து ஒரு துண்டு வஞ்சிரம் வந்தது. அன்றிலிருந்து நான் போகும் நாளில் அந்த வீட்டில் இரண்டு சட்டி ஏறுகிறது.